சாமி கையெழுத்து எங்கே வரும்?

உள்ளங்கை அகலத்தில் ஓர் இளஞ்சிவப்புத் தாள்துண்டு. பின்பக்கம் ஒரு கோடு பசை; ஒட்டலாம், உரிக்கலாம், மறுபடி ஒட்டலாம். கடையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். என் உத்தியோகம் முழுவதும் அந்த ஒரு துண்டில் அடங்கிவிடும் என்று நான் தெரிந்துகொண்ட மத்தியானம், எங்கள் முதலாளி அதைச் சுவரிலிருந்து உரித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேனா, பல் குத்தும் குச்சி, பிரஷர் மாத்திரை ஆகியவற்றோடு என் உத்தியோகமும் அந்தப் பைக்குள் போயிற்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்; பார்த்திருந்தால் அன்றே ராஜினாமா செய்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் செய்திருக்க மாட்டேன்.

எங்கள் கம்பெனி தாராவியில் தோல் பை, பெல்ட், பர்ஸ் செய்து கப்பலேற்றுகிறது. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தவர். மீசை முளைக்கும் முன்பே தோல் வெட்ட வந்து, வெட்டிய தோலிலேயே ஒரு பட்டறையையும் ஓர் அலுவலகத்தையும் தைத்துக்கொண்டவர். நான் மாட்டுங்காவில் வளர்ந்து திலக் நகருக்குக் குடிபெயர்ந்த பாலக்காட்டு வகையறா. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டறையில் எல்லாருக்கும் நான் 'சாமி'. சில வருஷங்களில் வெளிநாட்டு வியாபாரிகள் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு, போனில் கட்டைவிரல் படம் அனுப்பத் தொடங்கினார்கள். கட்டைவிரலுக்கு என் ஆங்கிலத்தில் பதில் இல்லை. என்னை என்ன செய்வதென்று யோசித்த முதலாளி, பில் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தார்.

தோலோ, பக்கிளோ, நூலோ, பசையோ, எதை வாங்கினாலும் மூன்று காகிதங்கள் என் மேசைக்கு வரும். நாங்கள் கொடுத்த ஆர்டர், சரக்கு வந்து இறங்கியதற்கு ஸ்டோர் கொடுத்த சீட்டு, விற்றவர் அனுப்பிய பில். மூன்றும் ஒரே சமாசாரத்தைச் சொல்கின்றனவா என்று பார்த்து, சொன்னால் பச்சை மையில் கையெழுத்திட வேண்டும். பச்சை மை என் சொந்த யோசனை. கெஜட்டட் ஆபீசர் ஆகாத குறையை அப்படித் தீர்த்துக்கொண்டேன். அநேகமாக மூன்றும் ஒன்றையேதான் சொல்லும். ஒன்றுக்கொன்று முரண்பட்ட நாட்களை நான் பண்டிகைபோலக் கொண்டாடியிருக்கிறேன்.

மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்த முதலாளியின் மகள், கம்பெனிக்கு ஈஆர்பி வேண்டும் என்றாள். தமிழில் 'நிறுவன வளத் திட்டமிடல்' என்று சொன்னால் ஏதோ அரசாங்கம் ஆட்டுக்குட்டி வழங்குகிற திட்டம்போல் ஒலிக்கும். விஷயம் எளியதுதான்: வாங்குவது, இருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கோப்பது; ஓரிடத்தில் பதிந்தது எல்லா இடத்திலும் தெரிவது. வாங்குவதற்கு முன் நம்மிடம் என்னென்ன வேலை நடக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரன் சொல்வதுதான் நம் தேவை ஆகிவிடும் என்று அவள் சொன்னாள். புத்திசாலிப் பெண். அலுவலகச் சுவரில் பார்சல் கட்டுகிற காக்கித் தாளை நீளமாக ஒட்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டை வரிசையாக ஒட்டினாள். இருந்தே தீர வேண்டிய வேலைக்கு மஞ்சள். மென்பொருள் வந்தால் எடுத்துவிடக்கூடிய வேலைக்கு இளஞ்சிவப்பு.

என் முறை வந்தது.

"அங்கிள், மூணும் ஒத்துப்போனா என்ன செய்வீங்க?"

"கையெழுத்துப் போடுவேன்."

"ஒத்துப்போகலேன்னா?"

"திருப்பி அனுப்புவேன்."

அவள் பேனாவை மூடாமல் காத்திருந்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏதும் வராததால் அனுபவம், பொறுப்பு, மனிதக் கண்ணின் நுட்பம் ஆகியவை பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். மேற்கோள்கூடக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டாள். நான் டீ குடித்துவிட்டு வந்தபோது சுவரில் இளஞ்சிவப்பு ஒட்டியிருந்தது. 'பில் சரிபார்ப்பு' என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அந்த வேலையைச் செய்கிற ஆள் கம்பெனியில் வேறு யாரும் இல்லை என்பதால் பெயர் தேவைப்படவில்லை.

முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி பார்வையிடுகிறவர்போல, அந்தச் சுவர் நெடுக நடந்து வந்தார். என் துண்டுக்கு முன்னால் நின்றார்.

"இது யாரு ஒட்டுனது?"

"நாந்தான் வாப்பா. இத சிஸ்டமே பாத்துக்கிடும்."

"மஞ்சத் துண்டு ஒண்ணு குடு."

இளஞ்சிவப்பு அவர் பைக்குள் போனது அப்போதுதான். மஞ்சளைத் தானே ஒட்டினார். அவருக்கு எழுத வராது என்றில்லை, எழுதவில்லை. சுவர் முழுவதும் எழுத்து நிறைந்த மஞ்சள் துண்டுகள், நடுவில் ஒன்று மட்டும் வெறுமையாக. என் வேலையை அதைவிடச் சரியாக யாரும் விவரித்ததில்லை.

அதன் பிறகு மூன்று கம்பெனிக்காரர்கள் தங்கள் மென்பொருளைக் காட்ட வந்தார்கள். முதல் கம்பெனி பெரியது. டை கட்டிய ஆறு பேர், கார் நுழையாத எங்கள் சந்தில் சாக்கடைப் பலகை மீது ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்தார்கள். சைக்கிள் தொழிற்சாலை ஒன்றை உதாரணமாகக் காட்டினார்கள். முதலாளி கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சைக்கிளு ஒரே அளவுல வரும். மாடு அப்படி வராதுல்லா?" என்றார். ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொன்றிலும் ஒரு தழும்பு. அது அவர்கள் மென்பொருளில் இல்லை.

இரண்டாமவர் காட்கோபரிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்தார். முதல் நாளே பட்டறையில் வந்து உட்கார்ந்து, வெட்டுகிறவர்களோடு அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்துவிட்டுப் போனவர். அவருடைய திரையில் தோல் தோலாகவே இருந்தது. சதுர அடி, தரம், கழிவு எல்லாம் தனித்தனியாக. மகளின் முகம் மலர்ந்தது. அவள் போட்ட மதிப்பெண்ணில் மற்ற இருவரும் கிட்டே வர முடியாது. எல்லாம் முடிந்ததும் முதலாளி தன் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"எங்க சாமி கையெழுத்து எங்க வரும்?"

மகள் இந்தியில் மொழிபெயர்த்தாள். காட்கோபர்க்காரர் சந்தோஷமாகச் சிரித்தார். "ஜரூரத் நஹி, சேட்ஜி!" தேவையே இல்லை, மூன்றும் பொருந்தினால் பில் தானாகப் பாஸ் ஆகிவிடும், அதுதான் எங்கள் சிறப்பு. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என் காது சூடானது. மேசையிலிருந்த பிஸ்கட் தட்டை, அதில்தான் ஏதோ முக்கியத் தகவல் இருப்பதுபோல், உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக வந்த பையனின் மென்பொருளில் வர்ணங்கள் நிறைய. தோலை அளக்க வராது. ஆனால் முதலாளி அதே கேள்வியைக் கேட்டதும் அந்தப் பையன் விரலைச் சொடுக்கி, திரையில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தானைக் காட்டினான். "அப்ரூவல், சார். அவங்க அமுக்கினாத்தான் பில் நகரும்." பச்சை என்பது தற்செயல்தான். முதலாளி என் பக்கம் திரும்பி, "பாத்தீரா சாமி, ஒம்ம கலரே இருக்கு" என்றார்.

மகள் அன்று சாயங்காலம் தகப்பனிடம் வாதாடியது கண்ணாடித் தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்டது. "ஒரு கையெழுத்துக்காகவா வாப்பா? தோல் கணக்க நான் எங்க வைக்க?" முதலாளியின் பதிலும் கேட்டது. "மெசினு பாஸ் பண்ணி நாளைக்கு ஒரு தப்பு வந்துச்சுன்னா நான் யாருகிட்டப் போயிச் சண்ட பிடிக்க? கம்ப்யூட்டர ஏச முடியுமா? ஏசுறதுக்கு ஒரு ஆளு வேணும்லா." எழுந்து உள்ளே போய், 'அந்தப் பெண் சொல்வதுதான் சரி' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்திலேயே சொல்லத் தெரியும். நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, குர்லா வழியாக வீட்டுக்குப் போனேன். ஏசுவதற்கு ஓர் ஆள் என்பது கௌரவமான பதவிதான் என்று ரயிலில் தீர்மானித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒரு தடவைகூட ஏசியதில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்றாவது மென்பொருளைத்தான் வாங்கினோம். தோல் கணக்கு அதில் ஏறாததால் மகள் அதை எக்செலில் தனியாக வைத்து, மாதாமாதம் இரண்டையும் பொருத்திப் பார்த்து அல்லாடினாள். நான் பொத்தானை அமுக்கினேன். பச்சை மைப் பேனா உலர்ந்து போயிற்று. ஒருமுறை டெங்கு வந்து படுத்துவிட்டேன். நான் அமுக்காததால் பில் எதுவும் நகரவில்லை. தோல் அனுப்புகிறவர் சரக்கை நிறுத்திவிட்டார். முதலாளியின் மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திலக் நகருக்கே வந்தாள். கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாக அமுக்கினேன். எதையும் படிக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். காபி கொண்டுவந்த என் மனைவி, தம்ளரோடு நின்று வெகு நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"இந்த ஒரு பட்டனை அமுக்கறதுக்கா இத்தனை வருஷமா விடிகாலம்பற எழுந்து டப்பா கட்டிண்டிருக்கேன்?"

மகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைத்தாளா, எனக்காகக் கூசினாளா என்று தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்குப் பொருத்தமே. போகும்போது, "உடம்பப் பாத்துக்கிடுங்க அங்கிள்" என்றாள். ஜுரம் விட்ட பிறகும் எனக்கு முகம் கொதித்துக்கொண்டே இருந்தது.

முதலாளி போன வருஷம் மௌத்தானார். துக்க வீட்டில் ஊர்க்காரர்கள் அவருடைய தர்ம சிந்தனை பற்றிப் பேசினார்கள். பள்ளிவாசலுக்குச் செய்தது, படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்தது என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். அந்த வரிசையில் எனக்கும் ஒரு வரி உண்டு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வெளியே செருப்பு மாட்டும்போது, பட்டறையின் மூத்த தையல்காரர் என் தோளைத் தொட்டு, "ஒமக்குத்தான் சாமி பெரிய நஷ்டம்" என்றார். ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்த வருஷம் அந்த மென்பொருளின் காலம் முடிகிறது. செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள். மகள் மறுபடி காக்கித் தாளை ஒட்டினாள். இப்போது முதலாளி அவள். தலைமுடியில் அங்கங்கே நரை. இந்த முறை நான் முந்திக்கொண்டேன். அவள் கேட்பதற்கு முன்பே இளஞ்சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து, 'பில் சரிபார்ப்பு' என்று என் நல்ல கையெழுத்தில் எழுதி, எல்லாரும் பார்க்க, அதனிடத்தில் ஒட்டினேன். உயர்ந்த காரியம் ஒன்றைச் செய்கிறோம் என்ற பூரிப்பு அடிவயிற்றிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஓர் அடி விலகி நின்றேன். அவள் வந்தாள். படித்தாள். கை உயர்ந்தது. தகப்பனின் கைதான் அது, அதே குட்டை விரல்கள். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

நெற்றியில் விழுந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். இத உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு ஒரு வாரமா யோசிச்சிட்டு இருந்தேன்." அவள் குரலில் இருந்த நிம்மதியில் துளி பொய் இல்லை. "வாப்பா இருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க. நீங்க பெரிய மனசு பண்ணிட்டீங்க." பிறகு அடுத்த துண்டுக்கு நகர்ந்துவிட்டாள். காட்கோபர்க்காரரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறாளாம்.

நான் அங்கேயே நின்றேன். பெரிய மனசு பண்ணியவன், அவள் அதை உரித்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள் என்றுதான் அந்தத் துண்டை ஒட்டினான் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உரிப்பதற்கு ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒட்டியிருக்கிறேன். அவளிடம் சட்டைப் பையே கிடையாது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மின்விசிறிக் காற்றில் அந்தத் துண்டின் கீழ்முனை படபடத்துக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரம் போனால் தானாகவே விழுந்துவிடும் போலிருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. கட்டைவிரலை வைத்து, பசை பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டு நின்றேன்.