சூளகிரியில் ஒரு கிண்ணம் சேமியா

சூளகிரி தாண்டியதும் இன்ஜின் சூடேறி பஸ் நின்றுவிடுகிறது. பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகளைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போகிறேன். டைபாய்டு போய்விட்டது, ஆனால் அவள் இன்னும் எதையும் கேட்டுச் சாப்பிடுவதில்லை. இரண்டு வாய்க் கஞ்சியோடு தள்ளிவிடுகிறாள். என் கை நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் நெற்றிக்குப் போகிறது.

சாலையோர வீட்டு வாசலில், கயிற்றுக் கட்டிலில் விரித்த வேட்டிமேல் சேமியா காய்கிறது. ரம்ஜானுக்காகப் பிழிந்ததாம். காக்கை ஓட்டிக்கொண்டிருக்கிறார் வீட்டுக்கார அம்மாள். மகள் கட்டிலையே பார்க்கிறாள்.

"இதுல கொஞ்சம் விலைக்குக் குடுப்பீங்களாம்மா?"

அவர் ஓர் இழையை எடுத்து வளைக்கிறார். "பாருண்ணே, எப்படி வளையுது! டக்குனு ஒடியற வரைக்கும் காயணும். இப்பவே டப்பால போட்டா பூசணம் புடிக்கும், வேக வெச்சா கூழாயிடும். முன்னாடி காயவெச்சு வறுத்தது உள்ள இருக்குது. பால்ல போட்டுத் தர்றேன், உக்காரு."

"டாக்டர் லேசான ஆகாரம்தான் சொன்னார்..."

"நெய் ஊத்தல, முந்திரி போடல. போதுமா? புள்ளய விட நீதான் காய்ச்சல்காரனாட்டம் இருக்கற."

கிண்ணம் வருகிறது. நான் ஊதி ஊதி ஊட்டப் போக, மகள் கரண்டியைப் பிடுங்கிக்கொள்கிறாள். ஒரு வாய். இன்னொரு வாய். முகம் சுளிக்கிறாள். என் கை மறுபடி அவள் நெற்றிக்குப் போகிறது.

"அப்பா, சர்க்கரை பத்தல."

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, சர்க்கரை கேட்க வாசற்படிக்கு ஓடுகிறேன்.