சிவப்பு விதை

என் பெரியம்மா ஒரு விதைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டாள். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு ஒன்றின் கிடங்கு அது. பெரிய போர் முடிந்து, எங்கு பார்த்தாலும் பட்டினியாய்க் கிடந்த காலத்தில், இனி யாரும் பசியோடு படுக்கக் கூடாது என்று தேசங்கள் கூடி உண்டாக்கியது அது என்பாள். சோறு போடுவதைவிட, விளைய வைக்கக் கை கொடுப்பதுதான் அதன் வேலையாம். காய்கறிக்காரியிடம்கூட இதைச் சொல்லாமல் விடமாட்டாள். அப்பா அவளுக்கு ‘உலக சபை’ என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த வருஷமும் மழை பொய்த்திருந்தது. கடைசியில் நாலு தூறல் விழுந்ததும் வீட்டுக்கு ஒரு மூட்டை விதை தந்தார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க விஷ மருந்து தடவி, அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய தானியம். “விதைக்க மட்டும்தான், வாயில வச்சிடாதீங்க” என்று தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்தாள் பெரியம்மா.

விதைத்தாயிற்றா என்று பார்க்க ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வாசல் சாக்கடையில் சிவப்பாய்த் தண்ணீர் ஓடியது. பார்த்தவள் செருப்போடு அடுப்படிக்குள் ஓடி, கொதித்துக்கொண்டிருந்த பானையை எட்டி உதைத்தாள்.

“நாலு தண்ணி கழுவிட்டேன்க்கா! சாயமெல்லாம் போயிடுச்சு!” என்று அம்மா அலறினாள்.

“சாயம்தான்டி போகும். விஷம் எங்கடி போகும்?”

சிந்தியதை எடுக்கப் போன என் கையில் ஓங்கி அடித்தாள். நான் வீறிட்டு அழுதேன். எனக்கு அப்போது விஷமும் தெரியாது, உலகமும் தெரியாது. தரையில் கிடந்தது சாப்பாடு, அவ்வளவுதான்.

“இத விதைச்சா நாளைக்கு வயிறு நிறையும்டி. அதுக்குத்தானே குடுத்தோம்?”

“விளையுற வரைக்கும் இவ உசிரோட இருக்க வேண்டாமா? அத உன் சபைல யாரும் யோசிக்கலையா?” என்று அம்மா என்னைக் காட்டிக் கேட்டாள்.

பெரியம்மா தரையில் குனிந்தாள். சிந்திய தானியத்தை ஒரு மணி விடாமல் வழித்து, கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வேகமாய் வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் அவள் வீட்டுச் சோற்றுப் பானை இருந்தது. என் முன்னால் வைத்தாள். நான் அள்ளி அள்ளித் தின்றேன்.

“உன் புள்ளைங்களுக்கு எடுத்து வச்சியாக்கா?” என்று அம்மா கேட்டாள்.

“தட்டு போட்டு உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னாடிதான் தூக்கிட்டு வந்தேன்.”