மூன்று நிமிட மூச்சு

அயர்லாந்தில் நான் வேலை செய்யும் வார்டில், காலைப் பணி தொடங்குமுன் மூன்று நிமிடம் எல்லோரும் கண்ணை மூடி நிற்கவேண்டும். நர்சுகளின் மனஅழுத்தம் குறைய நிர்வாகம் செய்த ஏற்பாடு. மூச்சு போவதையும் வருவதையும் சும்மா கவனித்தால் போதுமாம். எனக்கு அந்தச் சும்மாதான் வரவில்லை. மூச்சென்றால் எண்ணிவிடுவேன். என் உதடு அசைவதைப் பார்த்த மேனேஜர், "உங்கள் நாட்டு மந்திரமா?" என்று ஆசையாகக் கேட்டாள். இந்தியாக்காரிக்குத் தியானம் பிறவியிலேயே வரும் என்று அவளுக்கு எண்ணம். என் ஊர் உதியன்குளங்கரையில் எங்கள் கிறிஸ்தவ சபையில் கண்ணை மூடினால் வாய்திறந்து ஜெபிக்கவேண்டும். சும்மா நின்றால் தூங்குகிறாள் என்பார்கள். இதையெல்லாம் யார் விளக்குவது? ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நான் எண்ணிக்கொண்டிருந்தது அப்பாவின் மூச்சை.

போன வருடம் மதிய இடைவேளையில் தம்பி வீடியோவில் அழைத்தான். "அக்கா, அப்பாக்கு மூச்சு இளைப்பு உண்டு. ஆசுபத்திரிக்கு கொண்டு போணுமா? நீ பாத்து சொல்லு" என்று போனை அப்பாவின் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். வெளிநாட்டு நர்சு உள்ள வீடுகளில் எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். அவனுடைய ஆட்டோ முற்றத்தில் நின்றது. ஆஸ்பத்திரி பத்து நிமிடம். ஆனாலும் என் வாக்குக்குக் காத்திருந்தார்கள். மூச்சை முழு நிமிடம் எண்ணவேண்டும் என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்று இடைவேளை முடியப்போகிறதென்று அரை நிமிடம் எண்ணி இரட்டித்தேன். படம் இரண்டு தடவை உறைந்து நின்றது. அந்நேரத்து மூச்சுகள் என் எண்ணிக்கையில் வராமல் கணக்கு குறைந்தே வந்தது. "பயப்படாண்டாம் லே, நாளைக்கு கொண்டு போனா போரும்" என்றேன். விடியுமுன் அப்பா போய்விட்டார்.

அம்மாவிடம் இதைச் சொல்லத்தான் விடுமுறையில் ஊருக்குப் போனேன். அம்மாவோ என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம், "இவ சொன்னதுனாலயாக்கும் அவரு குழாயும் ஊசியும் இல்லாம சொந்தக் கட்டிலுல கெடந்து போனாரு" என்றாள். காப்பி போடுகிறேன் என்று எழுந்துபோனேன். வெட்கமாக இருந்தது.

திரும்பும் நாளில் விமானநிலையத்துக்குத் தம்பியின் ஆட்டோவில் போனேன். நெய்யாற்றின்கரை தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"வண்டி கையில இருந்தும் நான் கொண்டு போகல்லியே அக்கா. கொண்டு போயிருந்தா தப்பியிருப்பாரா?"

ஒரு வருடமாகப் பழியை அவன் சுமந்திருக்கிறான். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"தப்பியிருக்கலாம். தப்பு எனக்கதாக்கும் மக்கா. நான் சரியா எண்ணல்ல."

விமானநிலையத்தில் நான் இறங்கும்போது, "அம்மாட்ட சொல்லாண்டாம்" என்றான்.

போன வாரம் அம்மாவுக்கு இளைப்பு வந்திருக்கிறது. தம்பி என்னை அழைக்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு மறுநாள் அம்மா தேறியபிறகுதான் சொன்னான். அவன் செய்தது சரி. செய்தி வந்தபோது நான் பணியில் இருந்தேன். ஊர்பேர் தெரியாத எட்டுப் பேரின் மூச்சு என் பொறுப்பில் இருந்தது, அம்மாவுடையது இல்லை.