கரையில் நட்ட கழிகள்

எங்கள் பழவேற்காட்டுக்கு நடு என்று தனியாக ஓர் இடம் கிடையாது. ஏரிக்கரைதான் எல்லாம். சாயத்துணியை அங்கேதான் விரிப்பார்கள். மீன் அங்கேதான் விலைபோகும். பெண் கேட்கிற பேச்சும் அங்கேதான் தொடங்கும். பாடு பிரிப்பதும் கரையில்தான். முகத்துவாரத்தில் இன்றைக்கு யார் வலை கட்டுவது என்ற முறையைத்தான் பாடு என்போம். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவர் போவார்; ஒருமுறை போனவருக்கு, மற்ற எல்லாரும் போய்வந்த பிறகுதான் மறுபடி.

ஒரு நாள் ஒல்லாந்தர் கோட்டையின் ஆட்கள் வந்து, கரை நெடுக வரிசையாகக் கழிகளை நட்டுவிட்டுப் போனார்கள். நேரான, வழவழப்பான கழிகள்.

"வலை காயப்போட நமக்குத்தான் நட்டுக் குடுத்துக்கிறான்" என்றார் என் அண்ணன்.

"சும்மா குடுப்பானா?" என்றேன்.

"தெனம் நம்ம மீனத்தானே துன்றான். அந்த விசுவாசம் இருக்காதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்று மாலை குப்பத்து வலைகள் முழுவதும் அந்தக் கழிகளில் தொங்கின. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சில நாளில் அதே ஆட்கள் மண்வெட்டிகளோடு வந்தார்கள். வலைகளை உருவிக் கீழே போட்டுவிட்டு, கழிகள் நின்ற வரிசையிலேயே தோண்டினார்கள். அங்கே மதில் வரப்போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தோணிகள் அந்தப் பக்கம், வீடுகள் இந்தப் பக்கம்.

"நீதான நாலெழுத்து கத்துக்கினவன். போய்க் கேளுய்யா" என்றாள் என் மனைவி.

கொஞ்ச காலம் மணலில் எழுதியதோடு முடிந்த படிப்பு. பெரிய மனிதர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் போனேன். ஒல்லாந்தருக்கு நம் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் கோட்டைத் துபாஷி, வாசலிலேயே நிற்கவைத்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

"தோணிக்குப் போக வழி வேணுங்க."

"வாசல் ஒண்ணு வெக்கிறாங்கப்பா. காலைல முரசு அடிச்சதும் தொறப்பாங்க."

"நாங்க இருட்டோட போவணுங்க. முரசு அடிக்கிறதுக்குள்ள தண்ணி வடிஞ்சிடும்."

அவர் கோட்டைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இத நான் உள்ள போய்ச் சொன்னா, என் வேலையும் போவும். வூட்டுக்குப் போப்பா."

மதில் எழுந்தது. சாயக்காரர்கள் மேற்கே போய்விட்டார்கள். மீன் விற்பதும் சீட்டு எடுப்பதும் சந்துக்குள் வந்தன. அங்கே நாலு பேர் நின்றால் ஐந்தாமவருக்கு வழியில்லை. மதில் மறைத்ததால் ஏரியில் தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை.

மழை ஓய்ந்த சமயம் எனக்கு நல்ல பாடு விழுந்தது. வடிகிற நீரோடு இறால் கடலுக்கு இறங்கும் நேரம். இருள் பிரியும் முன்பே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் அண்ணனும் மதில் வாசலில் நின்றோம். மதிலுக்கு அப்பால் நீர் வடியும் சத்தம் நன்றாகக் கேட்டது. அண்ணன் கதவைத் தட்டினார்.

"இன்னாய்யா அவசரம்? முரசு அடிக்கட்டும்" என்றான் காவல்காரன்.

முரசு அடித்தபோது வெயில் மதில்மேல் ஏறியிருந்தது. நீர் வடியும் சத்தம் அடங்கிவிட்டது. இனி குப்பத்தார் அத்தனை பேருக்கும் முறை வந்து போன பிறகுதான் எனக்கு.

வீட்டில் இறால் அவிக்க அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கேலி பேசாமல் என்னை உள்ளே விடாதவள் என் மனைவி. எழுந்து வந்து என் தோளில் கிடந்த வலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. திரும்பிப் போய்ப் பானையை இறக்கி வைத்தாள்.