ஃபேன் சுவிட்ச் என் பொறுப்பு

நான் நாடகக் குழுவில் சேர்ந்தது நடிக்கத்தான். மேடையில் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று கடைசிவரை பிடிபடவில்லை. அதனால் அவற்றைச் சுவிட்ச் போர்டில் வைத்துவிட்டார்கள். விளக்கு, திரை, பார்வையாளர்கள் தலைக்கு மேல் ஓடும் ஃபேன், எல்லாம் என் வசம். சிதம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை. எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு. இயக்குநர் தபால் ஆபீசில் இருக்கிறார். நான் ஒரு காலேஜ் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறேன்.

எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. எந்த ஊராக இருந்தாலும் நாடகம் நடக்கும்போது ஃபேனை நிறுத்தக்கூடாது. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு தடவை, சோகக் காட்சி எடுபடட்டுமே என்று நிறுத்திப் பார்த்தோம். காற்று வாங்க வெளியே போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அன்றிலிருந்து நாங்கள் ஃபேனோடு போட்டி போட்டுக் கத்தி நடிக்கிற குழு. இதில் முதலிடம் எங்கள் மாமாவுக்கு. கூட்டுறவு வங்கியில் வேலை. நாடகத்தில் எப்போதும் மாமா வேஷம் என்பதால் வெளியிலும் எங்களுக்கு மாமாதான். அவர் மேடையில் ரகசியம் சொன்னால் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும்.

எங்கள் குழுவில் நடிக்கும் டீச்சருக்கும் ஒரு காலத்தில் கணீர்க் குரல்தான். கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேறியது, குரல் மட்டும் பாதிதான் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் இடுப்பில் சின்ன ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினார். மேடையில் அப்படி வர முடியுமா? புடவைக்குள் மறைக்கிற மைக்கை வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். வசனத்தைவிட வளையல் சத்தம்தான் பலமாகக் கேட்டது.

குரல் போனதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. யாராவது "என்னா டீச்சர் சொன்னீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று நிறுத்திவிடுவார். முன்பு ஒத்திகையில் எங்களை ஒரு வழி பண்ணியவர் அவர். அந்த "ஒண்ணுமில்ல" காதில் விழும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவர் மேல் இல்லை, திரும்பக் கேட்ட ஆள் மேல். பல நேரம் அந்த ஆள் நானாகவே இருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் இயக்குநர் புது நாடகத்தில் அவருக்கு அம்மா வேஷம் கொடுத்தார். இருப்பது ஒரே காட்சி. துபாயிலிருந்து வந்து இறங்கும் மகனிடம், அவனுடைய அப்பா செத்து மாதக்கணக்காகிறது என்று சொல்ல வேண்டும். முன்பே சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான் என்று மறைத்து வைத்திருந்த அம்மா. அதைக் கத்திச் சொல்ல முடியாது. கத்தினால் அந்தக் காட்சியே இல்லை.

முதல் தடவை கடலூரில் போடுவதாக ஏற்பாடு. கடைசி ஒத்திகை முடிந்ததும் டீச்சர் எங்களைப் பார்த்துச் சொன்னார். "கடலூர்ல கடைசி வரிசைக்கு என் கொரல் கேக்கலன்னா நானே நின்னுக்கறேன். நீங்க யாரும் சொல்ல வேணாம்."

"அதெல்லாம் கேக்கும்மா" என்றார் மாமா, ஜன்னல் கண்ணாடி அதிர. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடலூருக்குப் போகும் வேனில் டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சார், என் சீன்ல ஃபேன நிறுத்திடலாம்னு நெனச்சிக்கிட்டு இருப்பீங்க. வேணாம். எனக்காக ஜனங்க வேர்த்து வடிய வேணாம்."

அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "நிறுத்த மாட்டேன் டீச்சர்" என்று மனசில்லாமல் வாக்குக் கொடுத்தேன்.

மே மாதம், மாலை நான்கு மணிக் காட்சி. தகரக் கூரை போட்ட அரங்கம். எல்லா ஃபேனும் ஒரே நேரத்தில் ஓடினால் அரிசி மில்லுக்குள் நிற்பதுபோல் இருந்தது. நல்ல கூட்டம். டீச்சர் மேடைக்கு வந்தார், மகனின் பெட்டியை வாங்கி வைத்தார், பேசினார். சைடு திரைக்குப் பின்னால் இருந்த எனக்கே ஒரு வார்த்தை புரியவில்லை. முன்வரிசை ஆட்கள் கழுத்தை நீட்டினார்கள். நடுவில் யாரோ செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் கை சுவிட்ச் போர்டுக்குப் போய்விட்டது. கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து கையைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றார். "யாருப்பா அங்க, அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்து. அந்தம்மா என்னமோ சொல்லுது, கேக்கவே இல்ல."

"அதுக்கு நாங்க வெந்து சாவணுமா?" என்றது ஒரு ஆண் குரல்.

"சாவ மாட்ட, உக்காரு" என்றார் அந்த அம்மா. அங்கங்கே சிரித்தார்கள். பிறகு இன்னொருவர், "நிறுத்துங்க சார், நிறுத்துங்க" என்றார். அதற்குமேல் நான் காத்திருக்கவில்லை. எல்லாச் சுவிட்சையும் ஒரே இழுப்பில் அணைத்தேன்.

ஃபேன் உடனே நிற்காது. சுற்றிச் சுற்றி மெல்ல ஓயும். டீச்சர் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டமும் காத்திருந்தது. கடைசி ஃபேன் நின்றதும் சொன்னார்.

"தம்பி, ஒங்கப்பா இல்லடா."

அந்தப் பாதிக் குரல் அரங்கம் முழுக்கப் போனது. ஒத்திகையில் எத்தனையோ தடவை கேட்ட வசனம். நான் அழுதுவிட்டேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரும் கைதட்டவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

அடுத்து மாமா வர வேண்டும். வழக்கம்போல் தொண்டையைத் திறந்து "மாப்ள!" என்றார். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. மாமா மிரண்டுபோய்க் குரலை இறக்கினார். அவருக்கு இவ்வளவு இதமான குரல் இருப்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. இத்தனை காலம் எங்களை எல்லாம் கத்த வைத்த அந்த ஃபேன்கள் மேல் எனக்குக் கோபமாக வந்தது. மறுபடி போட மறந்தேபோனேன். நாடகம் முடியும்வரை யாரும் கேட்கவும் இல்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க ஜனங்கள் வெளியே போனார்கள்.

உள்ளே வந்த டீச்சரிடம், "நானா நிறுத்தல டீச்சர்" என்றேன் அவசரமாக.

"தெரியும் சார்" என்றார். கண் சிவந்திருந்தது.

திரும்பும்போது வேனில் ஒரே சத்தம். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, மாமா பழைய குரலுக்கே திரும்பியிருந்தார். முன்சீட்டில் இருந்த இயக்குநரிடம் டீச்சர் ஏதோ சொன்னார். அவருக்குக் கேட்கவில்லை.

"என்னா டீச்சர்?" என்று திரும்பினார். எனக்குத் திக்கென்றது. அந்த "ஒண்ணுமில்ல" வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

டீச்சர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை சொன்னார்.

"அடுத்த நாடகத்துல எனக்கு ரெண்டு சீன் வேணும்."