முழு நீளப் பெட்டி

தாய்மாமா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் படங்களெல்லாம் அங்கேதான் அச்சாகும். நிறம் பிசகிய தாள்களை எனக்குக் கொண்டுவருவார். நீலத் தக்காளியும் பச்சை மூக்குத் தலைவர்களும் பார்த்தே நான் வளர்ந்தேன்.

ஒருமுறை டைனோசர் படம் வந்தது. இலைதழை தின்ற ஆதிகாலத்து விலங்கு. கோதாவரிப் பக்கம் தோண்டி எடுத்ததாம். உடம்பு முழுக்க வெளிர் சாம்பல். காலெலும்பு, முதுகெலும்புத் துண்டு என்று சில மட்டும் கறுப்பு.

"கறுப்பா இருக்குல்ல, அம்புட்டுத்தான் கெடச்சுது பாப்பா. மிச்சத்த இப்பிடித்தான் இருந்திருக்கும்னு வரஞ்சிருக்காக."

எனக்கு எரிச்சலாக வந்தது. தலையே கிடைக்காததற்குக் கண் எப்படி வரையலாம் என்று மாமாவோடு மல்லுக்கு நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த வருஷம் தீபாவளி சீசனில், அப்பா வேலை பார்த்த பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறை வெடித்தது. அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். வெடிவிபத்தில் ஆளைப் பறிகொடுத்த எத்தனையோ பெண்களைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தவள். அவளிடம் யாராலும் எதையும் மறைக்க முடியவில்லை. அப்பா என்று எங்களிடம் கொடுத்தது வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு சின்னப் பொதி.

மாமா சவப்பெட்டி வாங்கப் போனார். பொதிக்குத் தோதாக, குழந்தைகளுக்குச் செய்யும் அளவில் ஒன்றை எடுத்துவந்தார். அதைப் பார்த்ததும் அம்மா வாசலை மறித்து நின்றுவிட்டாள்.

"ஆறடி ஆளு அவுக. இதுல வைக்க விடமாட்டேன்."

போதகர் வந்து காத்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் குழியும் வெட்டியாயிற்று.

"உள்ள என்ன இருக்குன்னு ஒனக்கே தெரியும்ல தாயி," என்றார் மாமா.

"தெரியும். அதுக்குத்தான் சொல்லுதேன்."

ஆளாளுக்கு அம்மாவைச் சமாதானப்படுத்தினார்கள். அவள் அசையவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அந்த டைனோசரையே முழுசாத்தான மாமா வரஞ்சிருந்தாக?"

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பெரிய பெட்டியோடு திரும்பினார்.

அம்மா அப்பாவின் வேட்டியை அதில் நீளமாக விரித்தாள். கலியாணத்துக்கு எடுத்த சட்டையை அதற்கு மேலே வைத்துப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, பொதியை நெஞ்சுப் பக்கம் வைத்தாள். "மூடுங்க," என்றாள்.

அப்பாவோடு வேலை பார்த்த நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். இரண்டு பேரே தாராளமாகப் போதும். அவர்களோ அடிக்கொரு தரம் தோள் மாற்றினார்கள். "பாத்து, மெதுவா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கூடவே நடந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"கனமே இல்லல்ல, வெரசாப் போங்கண்ணே."

அவர்கள் மறுபடியும் தோள் மாற்றினார்கள். எதற்கு இந்த நடிப்பு என்று எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் ஆறடி ஆளைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.