அலமாரியில் கிடந்த எக்ஸாஸ்ட் பிரேக்

இது கதை இல்லை. நம்பாதவர்கள் வேங்கிக்காலில் இருக்கும் என் லாரிப் பட்டறைக்கு வாருங்கள், காட்டுகிறேன். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மல்லிகைப்பூ வாசனையோடுதான் வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. எனக்கு வந்தது மத்தியானம், சாப்பாட்டுக் கேரியரைத் திறந்த நேரத்தில். அதுவும் நான் பயங்கரக் கடுப்பில் இருந்த நாளில்.

கடுப்புக்குக் காரணம் அப்பாதுரை. ஜவ்வாது மலையிலிருந்து புளி மூட்டை ஏற்றி வரும் லாரி டிரைவர். சைஃபுல்லாவின் காயலான் கடையில் ஒரு பழைய எக்ஸாஸ்ட் பிரேக் வாங்கி, அவன் வண்டிக்கு நான்தான் மாட்டிக் கொடுத்தேன். மாட்டிய நாளிலிருந்து ஒரே புகார்.

"காசிம் பாய், ஸ்விட்ச் போடாமலே தானா புடிக்குது. எறக்கத்துல வண்டியே ஆடுது."

"கியர்லதான எறங்கற?"

"ஆமா பாய். மூணாவதுல."

எக்ஸாஸ்ட் பிரேக் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. புகைக் குழாயின் நடுவில் ஒரு இரும்புத் தகடு. ஸ்விட்ச் போட்டால் காற்று அழுத்தத்தில் அது குழாயை மூடும். புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும். அந்தத் திணறல் கியர் வழியாகச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். கால் பிரேக் சூடாகாமல் மலை இறங்கலாம். ஆனால் வண்டி கியரில் இருக்க வேண்டும். நியூட்ரலில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. தகடு மூடினாலும் வண்டி நிற்காது.

நாலு தடவை வந்தான். நாலு தடவையும் வால்வு, வயர், காற்றுக் குழாய் எல்லாம் பிரித்துப் பார்த்தேன். நானே மலைக்கு ஓட்டிப் போய், கியரில் இறங்கியும் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. என் மற்ற வேலையெல்லாம் கெட்டதுதான் மிச்சம். மறுபடி வந்து நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. அதைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்து வெல்டிங் அடித்துவிட்டேன்.

கூட வந்திருந்த அவன் மனைவி சரசுவுக்கு மாசம் எட்டு. வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது இல்லாம மலை எறங்கலாங்களா?"

"கியர்ல எறங்கினா ஒண்ணும் ஆவாதும்மா," என்றேன். குரலில் எரிச்சல் இருந்திருக்கும்.

கழற்றியதை அலமாரியில் போட்டேன். மறுநாள் அவன் மலைக்குப் போனான்.

மத்தியானம் 2.10. பட்டறையில் நான் மட்டும்.

டக்.

அலமாரியில் இருந்த தகடு மூடியிருந்தது.

மூடாது. காற்று இல்லாமல் மூடவே மூடாது. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. கையால் மூட வேண்டுமென்றால் கம்பி போட்டு நெம்ப வேண்டும். எலி தள்ளிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொள்ளக்கூட வழியில்லை.

அப்புறம் சத்தம்... ம்ம்ம்ம்... லோடு லாரி மலை இறங்கும்போது வருகிற அதே உறுமல். வெளியே ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை.

அலமாரி ஆடியது. ஸ்பேனர்கள் கீழே விழுந்தன.

எடுத்து வெளியே வீசப் போனேன். தொட்டேன்...

சுட்டது.

2.19. டக்.

தகடு திறந்துகொண்டது. சத்தம் நின்றது. என் உள்ளங்கையில் கொப்புளம்.

கொஞ்ச நேரத்தில் போன். அப்பாதுரை. மூச்சு வாங்கினான்.

"பாய்... பிரேக் லைனர் எரிஞ்சு கால் பிரேக்கே இல்லாம போச்சு. நல்ல வேளை, எக்ஸாஸ்ட் பிரேக் புடிச்சுது. நீங்க அத கழட்டலையா?"

"எந்த கியர்ல இருந்த?"

"கியரா பாய்..." என்று இழுத்தான்.

"அப்பாதுரை."

"நியூட்ரல் பாய். டீசல் மிச்சமாவட்டும்னு... எப்பவும் நியூட்ரல்லதான் எறங்குவேன். அது தானா புடிச்சதெல்லாம் அப்பதான்."

நான் கியரில் ஓட்டிப் பார்த்தேன். அதனால்தான் எனக்கு ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை.

நேராகச் சைஃபுல்லாவின் கடைக்குப் போனேன். எந்த வண்டியில் கழற்றியது என்று கேட்டேன்.

"அதே மலையில கவுந்த வண்டி பாய். பிரேக் போயி பள்ளத்துல வுழுந்துது. எக்ஸாஸ்ட் ஸ்விட்ச்லேர்ந்து செத்துப்போன டிரைவர் வெரலை எடுக்கவே முடியலையாம். அப்படி அமுக்கிப் புடிச்சிருக்கான்."

"அப்புறம் ஏன் நிக்கல?"

"வண்டி நியூட்ரல்ல இருந்துச்சு."

சரசுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பாதுரை இப்போது கியரில்தான் இறங்குகிறான். அந்த இரும்பு இன்னும் என் அலமாரியில்தான் கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை, பயமாகவும் இருக்கிறது. அப்பப்போ டக் என்று மூடும். கொஞ்ச நேரம் உறுமும். திறந்துகொள்ளும். எங்கேயோ எவனோ நியூட்ரலில் இறங்கியிருக்கிறான், திறந்துவிட்டதால் பத்திரமாக நின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, அவனை மனசுக்குள் திட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை மூடியது. அப்பாதுரைக்குப் போன் போட்டேன். வீட்டில் குழந்தையோடு இருந்தான்.

தகடு இன்னும் திறக்கவில்லை.